பெருக்காண்டியின் ஓடுதளம்

நெரிஞ்சிமடைக்காரர்கள் வீட்டுக்கு வீடு ஆடு வளர்த்தார்கள், கோழி வளர்த்தார்கள், ஊருக்குப் பொதுவாக ஒரு விமான ஓடுதளத்தையும் வளர்த்தார்கள். ஆடும் கோழியும் அவர்களுக்குச் சாப்பாடு போட்டன. ஓடுதளம் அவர்கள் விதைக்கிற காட்டைச் சாப்பிட்டது. தாங்கள்தான் அதை வளர்க்கிறோம் என்பது வெகுகாலம் அவர்களுக்குத் தெரியாது; தெரிந்த பிறகும் அவர்கள் ஒன்றும் துள்ளிக் குதித்துவிடவில்லை. துள்ளியவள் ஒருத்திதான், அவள் பெயர் அரியநாச்சி.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தபோது, ஜப்பான்காரன் பர்மாவரைக்கும் வந்துவிட்டான் என்று பட்டணத்துக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில், லாரி லாரியாகக் கல்லும் சிமெண்டும் வந்து இறங்கின. சண்டை முடிந்ததும் நிலம் திரும்ப வந்துவிடும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். ஊரும் நம்பியது, நம்பாவிட்டால் மட்டும் விட்டுவிடுவார்களா என்ன. கம்பும் குதிரைவாலியும் விளைந்த கரிசல்மேல் சிமெண்டு போட்டார்கள். சண்டை முடிந்தது, துரைமார் கப்பலேறினார்கள், நம் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நம் ஆட்களும் ஒரு சண்டையை எதிர்பார்த்தார்கள். அந்தச் சண்டை வந்து போனது, அப்புறம் இன்னொன்று வந்து போனது, ஒவ்வொன்றும் முடிந்தபோது ஊரார் மனு எழுதினார்கள், அடுத்தது பாக்கி இருக்கிறது என்று பதில் வந்தது. தளத்துக்கு ரிசர்வ் என்று பெயர் வைத்தார்கள். அசல் தளத்தில் குண்டு விழுந்துவிட்டால் விமானங்கள் வந்து இறங்குவதற்கு ஒரு மாற்று இடம் என்பது அதன் பொருள். குண்டும் விழவில்லை, விமானமும் வரவில்லை. ஆனாலும் தினம் காலையில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைக் கம்பத்தில் ஏற்றினார்கள், தீயணைப்பு வண்டியைக் கழுவினார்கள், விளக்குகளைப் போட்டுப் பார்த்து அணைத்தார்கள். மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டில் தினமும் புது வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பதுபோல அது நடந்துகொண்டே இருந்தது.

சிமெண்டுக்கு அடியில் பெருக்காண்டி இருந்தார். அவர் முகமில்லாத ஒரு கல், முழங்கால் உயரம், ஊருக்கே குலசாமி. ஆடி மாதம் விதைப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், சாமி வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி புதுக்குடத்தில் தண்ணீர் கொண்டுபோய், கல்லைச் சுற்றி நாலு பக்கமும் கையால் தெளித்து, 'பெருகு சாமி, பெருகு' என்று சொல்ல வேண்டும். பெருக்குகிற வேலை பொம்பளைக் கைக்குத்தான் வரும் என்பது அவர்கள் வழக்கம். சொன்னால் பெருகும். கம்பங்கதிர் பெருகும், ஆடு இரட்டைக் குட்டி போடும், அடைக்கு வைத்த முட்டையில் ஒன்றுகூடக் கூமுட்டை ஆகாது. கல்லைப் பெயர்க்க மனமில்லாமலோ, பெயர்க்கச் சோம்பல்பட்டோ, துரை அதன்மேலேயே சிமெண்டைக் கொட்டச் சொல்லிவிட்டார். காலில் விழுந்து அழுத ஊருக்கு அவர் கொடுத்த ஒரே சலுகை, வருஷத்துக்கு ஒருநாள் உள்ளே வந்து பொங்கல் வைத்துக்கொள்ளலாம் என்பது. அந்தச் சலுகை வாசல் சாவியோடு சேர்ந்து அதிகாரிக்கு அதிகாரி கைமாறி வந்தது. ஊரும் வருஷா வருஷம் வாசலில் பாஸ் வாங்கிக்கொண்டு, பொங்கப்பானையும் கிடாயுமாக உள்ளே போய், ஓடுதளத்தின் நடுவில் ஓடும் வெள்ளைக்கோட்டில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தண்ணீர் தெளித்து, பெருகு பெருகு என்று மனசாரக் கேட்டுவிட்டு வந்தது.

துரை போட்டபோது பனைமர வரிசையோடு நின்ற ஓடுதளம், நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது பனைகளைத் தாண்டியிருந்தது. அளக்க வந்தவர்கள் பழைய படத்தில்தான் தப்பு என்று முடிவுகட்டிப் படத்தைத் திருத்தினார்கள். அதற்கப்புறம் வந்தவர்களும் திருத்தினார்கள், திருத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஐப்பசி மழை பெய்து நின்றதும் மேற்கு முனையில் மண் வெளுக்கும். பால் ஆடை கட்டுவதுபோல ஒரு மெல்லிய ஏடு படரும். நாலைந்து வெயிலில் அது இறுகிச் சிமெண்டாகிவிடும். நடுவில் வெள்ளைக்கோடு தானாகவே நீண்டு வரும். இடி இடித்த மறுநாள் ஓரத்து விளக்குகள் காளான் மாதிரி முளைத்திருக்கும், கண்ணாடியோடும் மின்சாரத்தோடும். ஊர் அதைப் பார்த்து அதிசயப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. வேலி நகர்வதற்குள் புதுச் சிமெண்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டார்கள், உளுந்து அடித்துக்கொண்டார்கள், இறுகுவதற்குமுன் பிள்ளைகளின் காலைப் பதித்துப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்ணெடுக்க வருகிறவர்கள், வீட்டில் எத்தனை கறவை என்று கேட்ட கையோடு, ஓடுதளம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றும் கேட்டுக்கொண்டார்கள். காடு போனவர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், அப்புறம் வேலி நகர்த்தும் வேலைக்குப் போனார்கள்.

அரியநாச்சி சாமி வீட்டுப் பெண், அத்தைக்குப் பிறகு வருஷா வருஷம் குடம் எடுத்தவள். உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். கட்டினவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளுக்கு மிச்சம் இருந்தது மேற்கே ஒரு துண்டுக் காடும், முத்திருளன் என்ற ஏழு வயதுப் பையனும்தான். பருத்தி எடுக்கும்போது வரப்பில் விளையாடிக்கொண்டிருந்த பையனை விரியன் கடித்தது. ஆஸ்பத்திரிக்கு நேர்வழி ஓடுதளத்தின் குறுக்கே. வேலியைச் சுற்றிக்கொண்டு போனதில் வழியிலேயே முடிந்துவிட்டது. காட்டு மூலையில், ஆவாரஞ்செடி ஒன்றின் நிழலில் அவனைப் புதைத்தார்கள். அவள் அந்தச் செடிக்குத் தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். பேசிக்கொண்டே ஊற்றுவாள், இன்றைக்கு என்ன குழம்பு வைத்தேன் என்பதுவரைக்கும் சொல்வாள்.

பிள்ளை செத்த தீட்டு, வருஷம் திரும்புகிறவரை சாமி வீட்டுப் பெண்கள் யாரும் குடம் எடுக்கக் கூடாது. அந்த ஆடியில் பெருக்காண்டிக்குத் தண்ணீர் இல்லை. அந்த ஐப்பசியில் மழை கொட்டியும் ஓடுதளம் ஒரு சாண்கூட நகரவில்லை. மிளகாய் காயப்போட இடமில்லையே என்று ஊர் அலுத்துக்கொண்டதே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. மறு ஆடியில் அவள் குடம் எடுத்தாள். பசித்துக் கிடந்த சாமி இரண்டு வருஷத்துப் பெருக்கைச் சேர்த்துக் கொடுத்தது. ஐப்பசி முடிந்தபோது சிமெண்டு பக்கத்துக் காட்டை விழுங்கிவிட்டு ஆவாரஞ்செடிக்கு எதிரே வந்து நின்றது. அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அரியநாச்சிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மண்ணுக்குள் கிடக்கிற சாமிக்குத் தலைக்குமேல் இருப்பது கம்பா சிமெண்டா என்று எப்படித் தெரியும்? மேலே என்ன இருந்ததோ அதை அது பெருக்கியது. அத்தை கையும் அத்தைக்கு முந்தினவர்கள் கையும் தன் கையும் இத்தனை வருஷம் எதற்குத் தண்ணீர் தெளித்தன என்று நினைத்தபோது அவள் தன் கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஊர் கூடியது. தனக்கு விளங்கியதை அவள் சொன்னாள்.

"அப்ப நம்மளேதான் ஊத்தி வளத்துருக்கோம்" என்றார் ஒருவர்.

"அப்படின்னா, தண்ணியத் தெக்குப் பக்கம் கொஞ்சம் கூடத் தெளிச்சா எங்காட்டுப் பக்கம் வருமா? அதுல வேலிக்கருவயத் தவிர எதுவும் முளைக்கல. கவர்மெண்டு எடுத்தா எதாச்சும் குடுப்பான்" என்றார் இன்னொருவர்.

அதற்குமேல் கூட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. யார் காட்டுப் பக்கம் தெளிப்பது என்பதில் கைகலப்பு வரப் பார்த்தது. வேலி நகர்த்தும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தவன் அரியநாச்சியின் கூடப்பிறந்த அண்ணன் ராக்கப்பன். அவன்தான் எல்லாரையும் உட்காரவைத்தான்.

"ஏத்தா, சாமிக்குத் தண்ணி காட்டாம ஊரு நிக்குமா? வேலி வேலையில எத்தன குடும்பம் கஞ்சி குடிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எம்புள்ள அங்க கெடக்கான்ண்ணே. இன்னும் ஒரு ஆடி போனா அவன் மேல ஏறிரும்."

"மண்ணுக்குள்ளதான கெடக்கான். மேல என்ன இருந்தா அவனுக்கென்ன? சாமியே அப்படித்தான கெடக்கு."

அண்ணன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவள் சாகிறவரை மறக்கவில்லை. கெட்ட மனசோடு அவன் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

மறுவாரம் தளத்து அதிகாரி பெனடிக்ட் ஜீப்பில் அவள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், கொடுத்த மோரைக் குடித்தார். நல்ல மனிதர். இந்த மாதிரி வேலைகளுக்கு நல்ல மனிதர்களைத்தான் அனுப்புகிறார்கள்.

"நீங்க வராத வருஷம் ஏன் வளரலன்னு மேலிடத்துல கேட்டாங்கம்மா. பருவமழை பத்தலன்னு எழுதிட்டேன். இப்ப வர்ற விமானத்துக்கெல்லாம் நீளம் கூடுதலா வேணும். நீங்க ஆடியில வரணும். ஜீப் அனுப்புறேன்."

"இதுவரைக்கும் ஒரு விமானமாச்சும் வந்து எறங்கியிருக்கா சார்?"

"இல்லம்மா. தேவப்படாம இருக்கிறதுதான் இதோட வேலை. ஆனா எப்பவும் தயாரா இருக்கணும்."

"எம்புள்ள கெடக்குற எடத்த மட்டும் விட்டுட்டுச் சுத்திப் போகச் சொல்லுங்க. நான் வந்து ஊத்துறேன்."

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடுதளம் வளையக்கூடாதும்மா" என்றார்.

அப்படியானால் வரமாட்டேன் என்றாள் அவள். சாயங்காலத்துக்குள் செய்தி ராக்கப்பன் காதுக்குப் போனது. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் மகள் சாமி வீட்டில் பிறந்தவள்தானே, அவள் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டால் போகிறது என்று சொல்லி அனுப்பினான். ஒருத்தி மறுத்தால் சாமி பட்டினி கிடக்கப்போவதில்லை என்பது அரியநாச்சிக்குப் புரிந்தது. பெருக்காண்டி உயிரோடு இருக்கிறவரைக்கும் அதற்கு யாராவது ஊற்றுவார்கள், ஊற்றுகிறவரைக்கும் அது பெருக்கும். அன்றைக்கெல்லாம் அவள் சோறு பொங்கவில்லை. மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், நானே எடுக்கிறேன், சின்னப்பிள்ளையை இதில் இழுக்காதே என்றாள். அண்ணன் சந்தோஷமாக அவளுக்கு ஒரு புதுச்சேலை எடுத்துக் கொடுத்தான்.

ஆடியில் வெயில் உச்சிக்கு வந்தபோது ஊர் முழுக்க ஓடுதளத்தின் நடுவில் நின்றது. ஷாமியானாவுக்குக் கீழே பெனடிக்ட் நின்றார், பொங்கல் பொங்கி வழிந்தது, குலவை போட்டார்கள். அரியநாச்சி குடத்தை எடுத்தாள். இடுப்பில் வைக்க வேண்டிய குடத்தை இடது தோளில் வைத்தாள். சேலைக்குள் செருகி வைத்திருந்த அரிவாள் முனையால் குடத்தில் ஒரு கொத்துக் கொத்தினாள். துளையிலிருந்து தண்ணீர் பின்பக்கமாகப் பீச்ச, மஞ்சள் பூசிய இடத்தை இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். செத்தவர்களைச் சுற்றி வருகிற நடை அது. அந்த ஊரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது, பெண்பிள்ளை அதைச் செய்து பார்த்தவர்களும் கிடையாது.

"ஏத்தா, அது கொள்ளிக்குடம்" என்றான் ராக்கப்பன், தணிந்த குரலில்.

"தெரியும்ண்ணே."

அவள் நிற்கவில்லை. இன்னொரு கொத்து, இன்னொரு சுற்று. நான் ஊற்றின தண்ணீரைக் குடித்துவிட்டு என் பிள்ளைமேலேயே ஏறி வருகிறாயே, உனக்குக் கண் இல்லாதது தப்பில்லை, காதுமா இல்லை, தினம் அவனோடு நான் பேசினது உன் காதில் விழவே இல்லையா என்று மனசுக்குள் சாமியிடம் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் அம்மா கும்பிட்ட சாமி, சின்ன வயதில் அவளுக்குப் பேச்சு வராதபோது அம்மா நேர்ந்துகொண்ட சாமி. அழுகை வந்தது, துடைக்கவில்லை. கடைசிச் சுற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தாள். உடைத்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவள் பார்க்கவில்லை, வாசலை நோக்கி நடந்தாள்.

குடம் உடைந்த சத்தம் கேட்டதும் பெண்கள், யாரும் சொல்லாமலே, தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது அவர்கள் கை பழகின பழக்கம், குடம் உடைந்தால் அழுதாக வேண்டும். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்மாய்க்குக் குளிக்கப் போனார்கள். அழுதுவிட்ட பிறகு, குளித்துவிட்ட பிறகு, செத்தது சாமி இல்லை என்று யார் சொல்ல முடியும்? அப்படிச் சொல்லியிருந்தால், குடத்தைப் பொம்பளை உடைத்தால் செல்லாது என்று ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால், பெருக்காண்டி அன்றைக்குப் பிழைத்திருப்பார். ஊர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள், பதினாறாம் நாள் கருமாதி வைத்து வடையோடு சாப்பாடு போட்டார்கள். மகன் முறைக்கு ராக்கப்பன் மொட்டை போட்டுக்கொண்டான். பெனடிக்ட் ஒரு மலர்வளையம் அனுப்பினார்.

அந்த ஐப்பசியில் ஓடுதளம் வளரவில்லை. அதற்கடுத்த ஐப்பசியிலும் வளரவில்லை. ஆனால் பெருக்காண்டி செத்தது ஓடுதளத்துக்கு மட்டும் இல்லை. ஆடுகள் ஒற்றைக்குட்டியோடு நிறுத்திக்கொண்டன, பிறகு அதுவும் அருகியது. அடைகாத்த கோழி கூமுட்டையின்மேல் நாள்கணக்காக உட்கார்ந்து எழுந்து போனது. விதைத்த அளவுக்குமேல் ஒரு மணிகூடக் கம்பு விளையவில்லை. ஊர் அரியநாச்சியோடு பேச்சை நிறுத்தியது. சாமியைக் கொன்றவள் என்று, அவள் குழாயடிக்கு வந்தால் குடங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தது. ஆவாரஞ்செடிகூட அவள் ஊற்றின தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டு அன்றைக்கு இருந்த உயரத்திலேயே நின்றது. அவள் அதற்குக் கவலைப்படவில்லை. சிமெண்டு செடிக்கு இந்தப் பக்கம் வரவில்லை, அது போதும். வேலி அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம் என்று அவள் தலை நரைக்கும்வரை ஊற்றினாள்.

பிறகு உண்மையாகவே ஒரு சண்டை வந்தது. எங்கோ அசல் தளத்தில் குண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். துரை காலத்திலிருந்து காத்துக்கிடந்த ஓடுதளத்தை நோக்கி, ஒரு மத்தியானத்தில், வால்பக்கம் புகைந்துகொண்டு முதல் விமானம் வந்தது. ஊரே கூரைமேலும் தொட்டிமேலும் ஏறி நின்று பார்த்தது. கிழக்கு முனையில் தரையைத் தொட்ட விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, அதற்கு வேண்டிய நீளத்தில் கொஞ்சம் குறைந்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து, அரியநாச்சியின் காட்டு மூலையில், ஆவாரஞ்செடியைச் சாய்த்து, முன்சக்கரம் மண்ணில் புதைய நின்றது.

கண்ணாடி மூடியைத் திறந்துகொண்டு ஒருவன் இறங்கினான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். முத்திருளன் இருந்திருந்தால் அந்த வயதுதான். நெற்றியில் ரத்தம். செம்போடு நின்றவளைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றான், தமிழில். திருச்சிப் பக்கத்துப் பையன். செடிக்கென்று கொண்டுவந்த தண்ணீரை அவள் அவனிடம் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு அவன் ஓடுதளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா இது இவ்வளவு குட்டையா இருக்கு? ஆளே போயிருப்பேன்."

"எங்க சாமி செத்துப்போச்சு தம்பி" என்றாள் அவள். அவன் அவளுக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்திருப்பான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்த ஜீப்பில் ஏறிப் போனான்.

அவள் சக்கரத்துக்கு அடியில், பிள்ளையைப் புதைத்திருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பையன் பிழைத்தது நல்லதுதான் என்று நினைத்தாள், நினைத்துவிட்டு நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

அடுத்த மாதமே லாரிகள் வந்தன. சாமி தேவைப்படவில்லை, மழை தேவைப்படவில்லை. கல்லும் மணலும் ராக்கப்பன் சப்ளை. வெள்ளைக்காரன் காலத்தில் அடித்த தமுக்கைக்கூட இந்தமுறை அடிக்கவில்லை, ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். விழுந்து கிடந்த ஆவாரஞ்செடியை ஒரு எந்திரம் வாரி எடுத்துப் போட்டது. ஒரே மத்தியானத்தில், பெருக்காண்டி பத்து வருஷத்தில் வளர்த்திருக்கக்கூடிய தூரத்துக்கு, மனிதர்களே சிமெண்டு போட்டு முடித்துவிட்டார்கள். வெள்ளைக்கோடு மட்டும் தானாக வரவில்லை, அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது.

புதுச் சிமெண்டு வெடிக்காமல் இறுக வேண்டுமென்றால் தினமும் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பெண்ணாட்கள் வேண்டும் என்று ராக்கப்பன் ஊரில் ஆள் தேடினான். தங்கச்சியோடு பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தாலும் கூடப்பிறந்த பாசம் விடவில்லை. அவளுக்கும் ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் வேலிக்கு உள்ளே போவதற்கு அவளுக்கு வேறு வழி இல்லை.

அரியநாச்சி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மற்றப் பெண்கள் சலசலவென்று பேசிக்கொண்டு அங்கங்கே ஊற்ற, அவள் மூலைக்குப் போனாள். செடி இல்லாவிட்டாலும் இடம் அவள் காலுக்குத் தெரிந்தது. குனிந்து, கையால் நாலு பக்கமும் தண்ணீர் தெளித்தாள். இன்றைக்குப் புளிக்குழம்பு வைத்தேன் என்றாள். சிமெண்டு தண்ணீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சியது. பழக்கத்தில் வாய்வரைக்கும் வந்த 'பெருகு' என்ற சொல்லை மட்டும் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, அவள் அடுத்த குடம் எடுக்கப் போனாள்.